சீஸ் ஆன பழைய செயின் சோவை முதல்முறை கழட்டுறவைக்கு

சித்தப்பாட வத்தளை வீட்டுப் பின்பத்தியில ஒரு பழைய ஸ்டில் 038 மேக்னம் செயின் சோ கனகாலமாக் கிடந்தது, அதுக்கு மேல அரைச் சீமெந்துப் பை, பக்கத்தில உடைஞ்ச மீன்தொட்டி, கவருக்குள்ள கரப்பான் குடும்பம். ஸ்டார்ட் பண்ணுற கயிறை இழுத்தால் அசையவே இல்லை. "கொண்டு போ தம்பி, இஞ்ச கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு உன்னட்டயாவது கிடக்கட்டும்" எண்டு தந்தார். த்ரீவீலில ஏத்தி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து, பிளட் பல்கனியில பேப்பர் விரிச்சு, நாலு வீடியோவைப் பாத்திட்டு, புதுப் பிஸ்டன் ஒண்டு வாங்கிப் போட்டன். திரும்பி வத்தளைக்குக் கொண்டுபோய் இழுக்க ஸ்டார்ட் ஆச்சு, சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினன், தேத்தண்ணி எல்லாம் வந்தது. 20 நிமிசம் விழுந்த மாங்கொப்பை வெட்டினன், திருப்பியும் பிடிச்சிட்டுது. அதே பக்கம், அதே மாதிரிக் கீறல்.

முதல் தரம் நான் பிஸ்டன் செத்ததை மட்டும்தான் பாத்தன், கொண்டது ஆர் எண்டு தேடேல்ல. அதால ரெண்டு பிஸ்டன் காசு போச்சு. நீங்கள் ஒருக்காச் செலவழிச்சால் போதும் எண்டுதான் இதை எழுதுறன்: காரணம் கையில பிடிபடுமட்டும் புதுச் சாமான் வாங்காதேங்கோ.

இன்னொண்டு, ஆரிட்டயாவது பழைய மெசின் வாங்கிறதெண்டால் முதல்ல பதிவு இருக்கோ எண்டு கேளுங்கோ, 2019-ல செயின் சோ வச்சிருக்கிறவை எல்லாரையும் பதியச் சொல்லி அரசாங்கம் அறிவிச்சது, கடதாசி இல்லாத மெசினைத் திருத்திப்போட்டு பிறகு பொலிஸுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்கேலாது. பலா, ஈரப்பலா, பெண்பனை உங்கட வளவுக்குள்ளயே நிண்டாலும் அனுமதி இல்லாமல் வெட்டேலாது, அது 1951-ம் ஆண்டுச் சட்டம்.

சரி, எஞ்சினுக்கு வருவம். செயின் சோ டூ ஸ்ட்ரோக், முந்தி ஓடின பழைய த்ரீவீல் மாதிரி. கார் எஞ்சினைப் போல அடியில ஓயில் தேங்கி நிக்காது, பெற்றோலோட கலந்து வாற ஓயில்தான் பிஸ்டனுக்கும் பெயாரிங்குக்கும் ஒரே சாப்பாடு. இதை நல்லா மனசில வையுங்கோ, மிச்சமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எங்கயோ ஒரு வெடிப்பால மேலதிகக் காத்து உள்ள போனால் என்ன நடக்கும்? பெற்றோல் குறையும், அதோட ஓயிலும் குறையும், சூடும் ஏறும். பிஸ்டன் அலுமினியம், சூட்டில வீங்கிச் சிலிண்டர் சுவரில உரசி உருகி ஒட்டும். அதைத்தான் சீஸ் ஆகிட்டுது எண்டு சொல்லுறம். மெசின் அலறிக்கொண்டு ஓடேக்க 'நல்ல பவர்' எண்டு நினைப்பம், உண்மையில அது தண்ணி விடாய்ச்சுக் கத்துறது.

கயிறு அசையேல்ல எண்டவுடன எஞ்சின் போச்சு எண்டு முடிவு கட்டாதேங்கோ. முதல்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு இழுத்துப் பாருங்கோ, சிலநேரம் பெற்றோலோ ஓயிலோ உள்ளுக்க நிறைஞ்சு நிண்டுதான் பிஸ்டன் மேல வரமாட்டன் எண்டு நிக்கும், பிளக் இல்லாட்டித் துப்பிப்போட்டு சுத்தும் (கண்ணை அந்த ஓட்டைக்கு நேர வச்சுக்கொண்டு இழுக்காதேங்கோ). அதுக்கும் அசையேல்லயோ, கயிறு இருக்கிற ஸ்டார்ட்டர் கவரைக் கழட்டி ஃப்ளைவீலை, அதாவது உள்ளுக்க இருக்கிற செட்டை போட்ட சக்கரத்தை, கையால சுத்திப் பாருங்கோ. சுத்தினால் பழுது ஸ்டார்ட்டரில, எஞ்சினில இல்லை. ஃப்ளைவீலும் சுத்தேல்ல எண்டால்தான் உண்மையாப் பிடிச்சிருக்கு. பிளக் ஓட்டையால கொஞ்சம் டூ டி ஓயிலும் (பெற்றோலில கலக்கிற டூ ஸ்ட்ரோக் ஓயில்) மண்ணெண்ணெயும் கலந்து ஊத்தி ஒரு ராத்திரி விட்டிட்டு, விடிய முன்னும் பின்னுமா மெல்ல ஆட்டிப் பாருங்கோ. ஃப்ளைவீலின்ர செட்டையில ஸ்க்ரூ ட்ரைவரைக் குடுத்து நெம்பினால் செட்டை முறியும், பிறகு அதுக்கும் ஒரு ஃப்ளைவீல் தேடித் திரியோணும்.

சுத்துது ஆனால் ஸ்டார்ட் ஆகுதில்லை எண்டால் மூண்டு விசயம்தான்: நெருப்பு, பெற்றோல், அமுக்கம்.

நெருப்பு பாக்கிறதுக்கு பிளக்கை அதின்ர வயரில கொழுவி, பிளக்கின்ர இரும்புப் பக்கத்தைச் சிலிண்டரின்ர செட்டையில முட்ட வச்சு, நிழலில நிண்டு இழுங்கோ, நீலமா ஒரு பொறி வரோணும். பிளக் ஓட்டைக்குக் கிட்ட வையாதேங்கோ, உள்ளுக்கிருந்து பெற்றோல் ஆவி வந்து பத்தும். பொறி வரேல்ல எண்டால், பொறியை உண்டாக்கிற கொயிலுக்குக் காசு குடுக்கமுதல் ஸ்விட்ச் வயரைக் கழட்டிவிட்டு இன்னொருக்கா இழுங்கோ, கனபேருக்குப் பழுது அந்த ஸ்விட்ச் வயர் எங்கயோ மெசின்ர உடம்பில முட்டிறதுதான். கொயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையில 0.2-இல இருந்து 0.3 மில்லிமீற்றர் இடைவெளி, ஃபீலர் கேஜ் இல்லாட்டி ஒரு விசிட்டிங் காட்டை இடையில குடுத்து கொயிலைக் காந்தம் இழுக்க விட்டு இறுக்குங்கோ. புதுப் பிளக் போடுறதெண்டால் இந்த மெசினுகளுக்குப் பொதுவாப் போடுறது என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ, நுனி இடைவெளி 0.5 மில்லிமீற்றர்.

பெற்றோலைப் பாக்கிறது இன்னும் லேசு. கலந்த பெற்றோல் கொஞ்சத்தைச் சிரிஞ்சால எடுத்து ரெண்டு மூண்டு துளி பிளக் ஓட்டைக்குள்ள விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கோ. ரெண்டு செக்கன் ஓடி நிண்டால் எஞ்சின் நல்லம், பெற்றோல் வந்து சேருதில்லை. டாங்குக்குள்ள கிடக்கிற றப்பர் பைப் கையால வளைக்கேக்க பிஸ்கட் மாதிரி வெடிக்குதோ எண்டு பாருங்கோ. பழைய மெசின் எண்டால் பார்க்காமலே மாத்துங்கோ, ஃபில்டரையும் சேத்து.

அமுக்கத்துக்கு கேஜ் இருந்தால் நல்லம். எஞ்சின் ஆறி இருக்கேக்க, அக்ஸிலேட்டரை முழுக்க அமத்திக்கொண்டு, ஊசி ஏறுறது நிக்குமட்டும் ஒரு ஆறு தரம் இழுங்கோ. 150 பிஎஸ்ஐ எண்டால் சுகதேகி, 120 எண்டால் வயசு போயிட்டுது, 90-க்குக் கீழ எண்டால் திறக்கத்தான் வேணும். காருக்குப் பாவிக்கிற நீட்டு ஹோஸ் கேஜ் இதுக்கு வராது, சின்னச் சிலிண்டருக்கு ஹோஸுக்குள்ள இருக்கிற இடமே பெரிசு, அதால குறைச்சுத்தான் காட்டும், வால்வு பிளக் முனையில இருக்கிற கேஜ் எண்டு கேட்டு வாங்குங்கோ. கேஜே இல்லையோ, கயிற்றுப் பிடியில மெசினைத் தூக்கிப் பாருங்கோ. கனமா நிண்டு மெல்ல மெல்ல இறங்கோணும். சடாரெண்டு விழுந்தால் அமுக்கம் இல்லை. காலை மட்டும் தள்ளி வையுங்கோ.

இப்பதான் நான் முதல் தரம் தாண்டிப்போன இடம் வருது. ஒண்டையும் கழட்டமுதல் சைலன்சரை மட்டும் கழட்டுங்கோ, ரெண்டு மூண்டு நட்டுத்தான். ஃபோன் டோர்ச்சை அந்த ஓட்டைக்குள்ள அடிச்சு, கயிறை மெல்ல இழுத்துப் பிஸ்டனை மேலயும் கீழயும் கொண்டுபோய்ப் பாருங்கோ. பிஸ்டன் கதை சொல்லும், நாங்கள்தான் வாசிக்கோணும்.

சைலன்சர் பக்கத்தில மட்டும் நேர்கோட்டில மேலிருந்து கீழ கீறல், மற்றப் பக்கம் சுத்தம் எண்டால், காத்துக் கூடி பெற்றோல் குறைஞ்சு ஓடியிருக்கு. எங்கயோ லீக், இல்லாட்டி பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேட்டரின்ர ஊசியை ஆரோ கூட இறுக்கிட்டினம், இல்லாட்டி டாங்கின்ர மூச்சுக்குழாய் அடைச்சிருக்கு. என்ரது இந்த வகை. சுத்திவர எல்லாப் பக்கமும் கீறி, பிஸ்டன் தலையும் கரி இல்லாமல் வெளிறிப்போய் இருந்தால் ஆரோ ஓயில் கலக்காமல் வெறும் பெற்றோல் ஊத்தி ஓட்டியிருக்கினம், இது இரவல் குடுத்த மெசினுகளுக்கு வாற வருத்தம், வாங்கினவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டார். நாலு மூலையில மட்டும் கீறல் எண்டால் சூடு: செட்டைக்குள்ள மரத்தூள் அடைச்சு காத்துப் போகேல்ல, இல்லாட்டி ஆறிக்கிடந்த மெசினை இழுத்தவுடனயே முழு வேகத்தில போட்டிருக்கினம். காபரேட்டர் பக்கத்தில, கீறல் மாதிரி இல்லாமல் மங்கலாச் சாம்பல் நிறத்தில தேய்ஞ்சிருந்தால் தூசி, எயார் ஃபில்டர் கிழிஞ்சிருக்கும் பாருங்கோ. பிஸ்டன் தலையில சுத்தியலால குத்தின மாதிரிப் பள்ளங்கள் எண்டால் உள்ளுக்க ஏதோ உடைஞ்சிருக்கு, பிஸ்டன் ரிங் துண்டோ பெயாரிங் ஊசியோ, அப்பிடியெண்டால் கிராங்க் (பிஸ்டன் சுத்திவிடுற அடித்தண்டு) வரைக்கும் திறக்கவேண்டி வரும், புதுசாப் பழகிறவை அந்த மெசினை விட்டிட்டு வேற ஒண்டு பாக்கிறது நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன்.

என்ர மெசின் புதுப் பிஸ்டனோட ஓடின 20 நிமிசமும் ஒரு அறிகுறி காட்டிக்கொண்டே இருந்தது: அக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் உடன இறங்கேல்ல, கொஞ்சநேரம் கூவிக்கொண்டு நிண்டிட்டுத்தான் இறங்கினது, மெசினைப் பக்கவாட்டில சரிக்க ஐடில் (அக்ஸிலேட்டர் அமத்தாமல் சும்மா ஓடுற வேகம்) தானா ஏறினது. காத்து லீக்குக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. எனக்கு அது மெசினுக்கு வந்த உற்சாகமாத் தெரிஞ்சது.

திறக்கிற வேலையில கஷ்டமானது ரெண்டு இடம்தான். ஒண்டு கிளட்ச். பெரும்பாலான செயின் சோவில கிளட்ச் இடக்கைப் புரி, அதாவது மணிக்கூட்டு முள் சுத்துற பக்கம் சுத்தினால்தான் கழரும், சிலதில அம்புக்குறியும் போட்டிருக்கும். ஃப்ளைவீல் நட் வழமையான பக்கம். ரெண்டுக்கும் பிஸ்டன் சுத்தாமல் நிக்கோணும், அதுக்குப் பிளக் ஓட்டையால கயிறைத் திணிக்கிறது நல்ல வழி, ஆனால் பிஸ்டன் மேல ஏறி சைலன்சர் ஓட்டையை மூடினாப் பிறகுதான் திணியுங்கோ, இல்லாட்டிக் கயிறு அந்த ஓட்டைக்குள்ள போய் நறுக்கப்படும். ஃப்ளைவீல் இறுகிப்போய் இருந்தால் நட்டை முழுக்கக் கழட்டாமல் புரியின்ர முனைக்கு மட்டமா விட்டிட்டு, ஃப்ளைவீலைப் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, நட்டுக்கு மேல மரக்கட்டை வச்சு ஒரு தட்டு. கழட்டினவுடன உள்ளுக்க இருக்கிற சின்னச் சாவித்துண்டு நறுங்கியிருக்கோ பாருங்கோ, அது நறுங்கினால் பொறி வரும் ஆனால் நேரம் பிழைக்கும், கயிறு கையைப் பிச்சுக்கொண்டு போகும்.

மற்றது பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற வட்டக் கம்பி, சேர்க்ளிப். சிலிண்டர் நாலு போல்ட்டில நிக்குது, மெசினைப் பொறுத்து அலன் கீ இல்லாட்டி நட்சத்திரத் தலை டி27. சிலிண்டரை நேரா மேல இழுத்து எடுத்தவுடன, வேற ஒண்டும் செய்யமுதல், கீழ கிராங்க் ஓட்டைக்குள்ள சுத்தமான துணியை அடையுங்கோ. பிறகு மெசினையும் கையையும் ஒரு பெரிய தெளிவான பொலித்தீன் பைக்குள்ள விட்டு சேர்க்ளிப்பைக் கழட்டுங்கோ. பை இல்லாமல் நான் கழட்டினது பல்கனியால பறந்து கீழ் வீட்டு அன்ரியின்ர காயப்போட்ட மிளகாய்க்குள்ள விழுந்தது. பழசைத் திருப்பிப் போடக்கூடாது எண்டபடியால் அது பரவாயில்லை, மன்னிப்புக் கேட்டதுதான் கஷ்டம். பிஸ்டனுக்கு ஊடாப் போற கஜன் பின்னைத் தள்ளி எடுத்தாப் பிறகு கொன் ரொட்டை (பிஸ்டனைக் கிராங்கோட சேர்க்கிற தண்டு) மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்கோ, மேல் கீழ் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது, பக்கவாட்டில கொஞ்சம் ஆடினால் அது வழமை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபோனில படம் எடுங்கோ, போல்ட்டுகளை முட்டைத் தட்டில குழி குழியாப் போட்டு வையுங்கோ.

சிலிண்டருக்குள்ள பாத்தால் கீறின மாதிரி இருக்கும், மனசு உடையும். அது கனநேரம் கீறல் இல்லை, பிஸ்டனின்ர அலுமினியம் ஒட்டிக்கிடக்கிறது. சிலிண்டர் சுவரில நிக்கல் இல்லாட்டி குரோம் பூச்சு இருக்கு, அது சரியான கடினம். இதைக் கொண்டு லேத்துக்குப் போனால் அங்க இருக்கிற பாஸ் "போர் பண்ணித் தாறன் மல்லி" எண்டு சொல்லுவார், அதாவது உள்சுவரைக் கடைஞ்சு பெருப்பிக்கிறது, அவர் நல்ல மனுசன், த்ரீவீல் சிலிண்டருக்கு அது சரி, பூச்சுச் சிலிண்டருக்குச் செய்தால் அதோட சரி. செய்யவேண்டியது டொய்லட் கழுவுற அசிட்டைக் காதுப் பஞ்சுக் குச்சியில தொட்டு அந்த ஒட்டலில மட்டும் பூசுறது. நுரைக்கும், நுரைச்சால் அலுமினியம் கரையுது, துடைச்சிட்டு திருப்பியும் பூசுங்கோ, நுரைக்கிறது நிண்டால் முடிஞ்சுது. ஓட்டைகளின்ர விளிம்பில பூச்சு இல்லாத அலுமினியம் இருக்கு, அங்க படக்கூடாது. கையுறை, கண்ணாடி, வெளிக்காத்து, பக்கத்தில நெருப்பு இல்லை, பிளீச் போத்தல் கிட்டவும் வேண்டாம், அசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் வாற வாயு நஞ்சு. பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியில கழுவி, நல்ல தண்ணியில கழுவி, காயவிட்டு, உடன ஓயில் பூசுங்கோ. நகத்தை வச்சுக் கீழ இழுங்கோ. நகம் கொழுவேல்ல எண்டால் சிலிண்டர் தப்பிட்டுது, 320 சாண்ட் பேப்பரால குறுக்கு மறுக்கா லேசா உரசினால் போதும். பூச்சு உரிஞ்சு உள்ளுக்க வெள்ளையா மெதுவான அலுமினியம் தெரிஞ்சால் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட்தான்.

சாமான் வாங்கக் கொழும்பில பஞ்சிகாவத்தை, பழைய சோனகத் தெரு ரெண்டும் ஒரு சுத்துச் சுத்துங்கோ, ஆனால் மெசின் பேரை மட்டும் சொல்லி வாங்காதேங்கோ. 038 எண்ட பேரிலயே 48, 50, 52 மில்லிமீற்றர் எண்டு மூண்டு பிஸ்டன் விட்டம் வந்திருக்கு, மேக்னத்துக்கு 52, அடிப்பு (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 34 மில்லிமீற்றர், 72 சீசீ. கடை நானா முதல் எடுத்து வச்சது 50. "அதே 038தானே தம்பி" எண்டு அவர் சொல்ல, நான் பையில கொண்டுபோன பழைய பிஸ்டனைப் பக்கத்தில வச்சுக் காட்டினன், ரெண்டுபேரும் சிரிச்சம். பழைய சாமானைக் கையில கொண்டு போங்கோ, வேணியர் அளவை ஒண்டையும் கொண்டு போங்கோ. ரிங்கை மட்டும் தனியாச் சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால மட்டமாத் தள்ளி, ரெண்டு நுனிக்கும் இடையில எவ்வளவு இடைவெளி எண்டு பாக்கலாம், இந்த அளவுச் சிலிண்டருக்கு 0.2 மில்லிமீற்றர் அளவில இருந்தால் சரி, 1 மில்லிமீற்றருக்குக் கிட்டப் போனால் தேய்ஞ்சது. பிஸ்டனோட சேத்து கிராங்க் சீல் ரெண்டு, சிலிண்டருக்கு அடியில வைக்கிற கேஸ்கட், காபரேட்டர் டயஃப்ரம் கிட், பெற்றோல் பைப். சீல் விலை பிஸ்டனோட பாக்கேக்க ஒண்டுமே இல்லை, நான் முதல் தரம் மிச்சம் பிடிச்சது அதில.

சீல் எண்டது கிராங்க் ரெண்டு பக்கமும் வெளிய வாற இடத்தில இருக்கிற றப்பர் வளையம். கனகாலம் ஓடாமல் கிடந்தால் காய்ஞ்சு இறுகிப்போகும், கண்ணால பாத்துத் தெரியாது. அதைப் பிடிக்கிறதுக்குத்தான் அமுக்கிப் பாக்கிற சோதனை. கடையில விக்கிற பம்ப் விலை கூட, நான் செய்தது அம்மாட பழைய பிரஷர் பாக்கிற மெசினால, டிஜிட்டல் இல்லை, பலூன் அமத்துற ஊசி வகை. கைப்பட்டியைக் கழட்டிட்டு, பலூன் குழாயையும் ஊசிக் குழாயையும் மீன்தொட்டிக் கடையில விக்கிற டி மூட்டால சேத்தன். மூண்டாவது முனையை ஒரு பழைய பிளக்கின்ர வெள்ளைப் பீங்கானை உடைச்சு எடுத்துப்போட்டு மிஞ்சின இரும்புக்குள்ள விட்டு எபொக்சி போட்டன். அவ்வளவுதான்.

சிலிண்டரை ஒருக்காப் பூட்டி, சைலன்சர் ஓட்டையையும் காபரேட்டர் பக்கத்தையும் சைக்கிள் டியூப் துண்டு வச்சு மூடி இறுக்குங்கோ, கிராங்க் அறையில இருந்து காபரேட்டருக்குப் போற இம்பல்ஸ் ஓட்டை தனியா இருந்தால் அதையும் மூடோணும். பிஸ்டன் கீழ இருக்கோணும், அப்பதான் மேலயும் கீழயும் ஒரே அறையா இருக்கும். 260-க்கு அமத்திட்டு ஒரு நிமிசம் பாருங்கோ. அது கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ, அதுக்குமேல பெரிசா வேண்டாம், கூட அமத்தினால் நல்ல சீலும் பிதுங்கும். ஊசி அசையாமல் நிக்கோணும். என்ரது பத்துச் செக்கனில 100-க்கு வந்தது. சவர்க்காரத் தண்ணியைத் தூரிகையால பூசிக்கொண்டு போக, ஃப்ளைவீலுக்குப் பின்பக்கச் சீலில சின்னச் சின்னதா நுரை, மீன் மூச்சு விடுற மாதிரி. ரெண்டு பிஸ்டனைத் திண்டது அதுதான். அந்த நுரையைப் பாத்த சந்தோசம் ஸ்டார்ட் ஆனதைப் பாத்த சந்தோசத்தை விடப் பெரிசு, உண்மையாச் சொல்லுறன்.

அமுக்கினால் பிடிக்கிற சீல் சிலநேரம் உறிஞ்சினால் விடும், அதின்ர உதடு அப்பிடித்தான் செய்திருக்கு, எஞ்சின் ஓடேக்க ரெண்டும் மாறி மாறி நடக்குது. அதால மற்றப் பக்கமும் பாக்கோணும். ஃபார்மசியில 60 மில்லி சிரிஞ்சும் மூண்டு வழி ஸ்டொப் கொக்கும் (குழாயைத் திறந்து மூடுற திருகு) வாங்கி, அதே பிளக் குழாயில பூட்டி ரெண்டு மூண்டு தரம் இழுத்து எடுத்து, கொக்கை மூடி ஒரு நிமிசம் விட்டிட்டு, சிரிஞ்சைப் பாதி இழுத்த நிலையில வச்சுத் திறவுங்கோ. பிடி தானா உள்ள இழுபட்டால் வெற்றிடம் அப்பிடியே நிக்குது, பேசாமல் இருந்தால் எங்கயோ போயிட்டுது.

பழைய சீலை எடுக்கிறதுக்கு அதில ஒரு சின்ன மர ஸ்க்ரூவை ஏத்தி குறட்டால இழுக்கலாம், கிராங்கில கீறல் விழாமல் பாருங்கோ. புதுசுக்கு உதட்டில கிரீஸ் பூசி, அளவான சொக்கெட்டை வச்சு மட்டமாத் தட்டி இறக்குங்கோ. பெயாரிங்கையும் இந்த நேரத்தில பாருங்கோ, கிராங்க் முனையைப் பிடிச்சு மேல கீழ ஆட்டினால் ஆடக்கூடாது, ஆடுற பெயாரிங்கில புதுச் சீல் கனநாள் நிக்காது.

பூட்டுறது கழட்டினதை விடச் சுகம். பிஸ்டன் தலையில இருக்கிற அம்பு சைலன்சர் பக்கம். புதுச் சேர்க்ளிப்பின்ர வாய் மேல இல்லாட்டிக் கீழ பாக்கோணும், பக்கவாட்டில இல்லை. ரிங்கின்ர நுனி ரெண்டும் பிஸ்டனில இருக்கிற சின்ன ஊசிக்கு நேர வரோணும், இதை மறந்து சிலிண்டரைத் தள்ளினால் ரிங் முறியும். எல்லாத்துக்கும் டூ டி ஓயில் தாராளமாப் பூசுங்கோ. ரிங்கை ஒரு கேபிள் டையால மெல்ல நெருக்கிப் பிடிச்சுக்கொண்டு சிலிண்டரை நேரா இறக்குங்கோ, டை தானா வழுகிக் கீழ வரும். இறங்கேல்ல எண்டால் பலம் பிடிக்காமல் தூக்கி எடுத்துப் பாருங்கோ, சுழட்டக்கூடாது, ரிங் நுனி ஓட்டைக்குள்ள கொழுவும். துணியை வெளிய எடுத்தனீங்களோ? நான் ஒருக்கா மறந்தன். நாலு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, அமுக்கச் சோதனையைத் திருப்பியும் செய்யுங்கோ. பாஸ் ஆகாமல் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ.

காபரேட்டரில ரெண்டு டயஃப்ரம், மெல்லிசாத் தோல் மாதிரி இருக்கோணும், விரலால தொட மொறுமொறு எண்டால் மாத்துங்கோ. கழட்டின ஒழுங்கிலயே கேஸ்கட்டும் டயஃப்ரமும் போகோணும், மாறினால் பெற்றோல் வராது. ஓட்டைகளுக்குள்ள கம்பி விடாதேங்கோ, கிளீனர் ஸ்ப்ரே போதும். எச் (முழு வேகத்துக்கு), எல் (ஐடிலுக்கு) எண்ட ரெண்டு ஊசியையும் மெல்ல முட்ட மூடி (இறுக்கினால் ஊசி நுனி போகும்), ஒவ்வொரு சுத்துத் திறவுங்கோ, ஸ்டார்ட் ஆக அது காணும்.

பெற்றோல் 92 போதும், பழசு வேண்டாம், 2022-ல கியூவில நிண்டு எடுத்துப் பதுக்கி வச்ச கானில மிச்சம் இருந்தால் அதைக் கழுவுறதுக்குப் பாவியுங்கோ. ஒரு லீற்றருக்கு 20 மில்லி ஓயில் எண்டால் 50-க்கு 1, நல்ல ஓயிலுக்கு அது. ஸ்டில்காரரே தங்கட ஓயில் இல்லாட்டி 25-க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லி எண்டுதான் சொல்லியிருக்கினம், பெற்றோல் ஷெட்டில அளந்து தாற சாதா டூ டி எண்டால் அதைப் பிடியுங்கோ. கண் அளவு வேண்டாம், சிரிஞ்ச் இருக்குத்தானே.

முதல் ஸ்டார்ட்டுக்கு செயினையும் அது சுத்தி ஓடுற பாரையும் கழட்டி வையுங்கோ, மெசினை நிலத்தில வச்சு, பின்பிடிக்குள்ள காலை விட்டு அமத்திக்கொண்டு இழுங்கோ. தொங்கவிட்டு இழுக்கிற ஸ்டைல் வேண்டாம். பிளட்டில முயற்சி செய்யாதேங்கோ, புகையும் சத்தமும் ஒருபக்கம், பெற்றோல் ஆவி மற்றப்பக்கம், குசினிக்கு ரெண்டு அடி தள்ளித்தான் பல்கனி. ஸ்டார்ட் ஆனால் ரெண்டு நிமிசம் ஐடிலில விட்டு நிப்பாட்டி ஆறவிடுங்கோ, இப்பிடி ரெண்டு மூண்டு தரம். எல் ஊசியை மெல்லத் திருப்பி, அக்ஸிலேட்டரை அமத்த தயங்காமல் ஏறுற இடத்தில விடுங்கோ. ஐடில் கூவினாலோ, சரிக்க மாறினாலோ நிப்பாட்டுங்கோ, லீக் இன்னும் இருக்கு.

எச் ஊசிக்குப் பாரையும் செயினையும் திருப்பிப் பூட்டி, செயின் ஓயில் டாங்கை நிரப்பி, கண்ணாடி, காதடைப்பு, சப்பாத்து, செயின் பிரேக் வேலை செய்யுதோ எல்லாம் பாத்திட்டு ஒரு மரக்குத்தியில வையுங்கோ. முழு வேகத்தில மரத்துக்கு வெளிய இருக்கேக்க சத்தம் கொஞ்சம் கரகரப்பா, விக்கல் எடுக்கிற மாதிரி வரோணும், மரத்துக்குள்ள போனவுடன அந்த விக்கல் நிண்டு சுத்தமாகோணும். வெளிய இருக்கேக்கயே ஊளையிட்டால் பெற்றோல் காணாது, எச்சை எட்டிலொரு சுத்துத் திறவுங்கோ. வெளியில பத்துச் செக்கனுக்கு மேல முழு வேகம் வேண்டாம்.

மூண்டு டாங்க் ஓடினாப் பிறகு, மெசின் நல்லா ஆறினபிறகு, சைலன்சரைத் திருப்பியும் கழட்டி டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. புதுப் பிஸ்டனில கடைசல் போட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்பிடியே தெரியோணும், நேர்கோட்டுக் கீறல் ஒண்டும் இருக்கக்கூடாது. என்ரதில இப்ப ஆறு டாங்க் போச்சு, கோடுகள் இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல பாவிக்காமல் வைக்கிறதெண்டால் டாங்கில இருக்கிறதை ஊத்தி எடுத்திட்டு, காபரேட்டரில மிஞ்சினது முடிஞ்சு தானா நிக்குமட்டும் ஐடிலில ஓடவிட்டு வையுங்கோ, இல்லாட்டி டயஃப்ரம் காய்ஞ்சு திருப்பியும் மொறுமொறு எண்டு போகும்.